செவிலியர் பட்டப் படிப்பில் சேரும் வழி



2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, திருபுவனத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் என்னைக் காண வந்தார். அப்பொழுது நான் செவிலியர் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றிக் கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மஞ்சள் பையிலிருந்து வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சிஸ்டரம்மா, பாப்பா நர்ஸ் படிப்புத்தான் படிப்பேன்னு ஒத்தைக் காலில் நிக்குது. இந்தக் காலேஜில் இடம் தருவதாகச் சொல்றாங்க. நல்ல காலேஜ்தானா, நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றார்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டடத்தின் படம் இருந்தது. விடுதியின் படம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அங்கீகார உத்தரவு ஒன்றின் நகலும் இருந்தது. அதன் மேல் முத்திரையும் இருந்தது. "அங்கீகாரம் பெற்றதுதான் போலிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்" என்று கூறிவிட்டேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு எழுந்து சென்றார். அந்தப் பதிலைச் சொல்வதற்கு எனக்கு ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை.

அந்த ஐந்து நிமிடத்திற்கு அப்பெண் இரண்டு ஆண்டுகளை விலையாகக் கொடுத்தாள். அது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். செவிலியர் பட்டப் படிப்பில் சேர்வதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்த மஞ்சள் பையே. ஆதலின் இன்று நான் சொல்லப்போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவிலியர் படிப்பில் கல்லூரியில் இடம் கிடைப்பது சேர்க்கையின் பாதிதான். நான்கு ஆண்டுகள் கழித்து மாநிலத்தின் செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அங்கே கொண்டு சேர்க்காத கல்லூரியில் கிடைத்த இடம், இடமே அன்று.

பதிவேடு என்பது என்ன? அது ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று? இதற்குச் சிறிது பழங்கதை வேண்டும்.

கிரிமியப் போரில் பணிபுரிந்து புகழ்பெற்ற ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அதன் பின்னர்ப் பயிற்சி பெற்றவரும், பயிற்சியே இன்றித் தம்மைச் செவிலியர் என்று கூறிக்கொண்டவரும் ஒருங்கே பணிபுரியும் நிலை ஏற்பட்டது. நோயாளி இவ்விருவரையும் எங்ஙனம் பிரித்தறிவார்? அரசே ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்னும் அம்மையார் வாதாடினார். வியப்பு என்னவெனில், இக்கருத்தை எதிர்த்தவர்களில் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர். ஒரு பெண்ணின் பொறுமையையும் பரிவையும் தேர்வு வைத்து அளந்து ஏட்டில் எழுத முடியாது என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் காலம் ஃபென்விக் அம்மையாரின் பக்கமே சாய்ந்தது. 1901-இல் நியூசிலாந்து செவிலியரைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 1919-இல் இங்கிலாந்தும் இயற்றியது. நம் சென்னை மாகாணத்திலோ 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், தாதியர் சட்டம் வந்துவிட்டது. அதன் வழி வந்ததே இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். நாடு முழுவதற்கும் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய செவிலியர் குழுமம் அமைந்தது.

பட்டப் படிப்பும் ஏறக்குறைய அக்காலத்திலேயே பிறந்தது. 1943-இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த பயிற்சி பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே என்று கண்டது. அதாவது ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். அதே 1946-ஆம் ஆண்டில் டில்லியிலும், நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியத்தில் பட்டப் படிப்புத் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இலேயே தொடங்கிய செவிலியர் பள்ளி அதற்கு அடித்தளமாயிற்று. செவிலியமும் ஒரு பல்கலைக்கழகப் பாடம் என்பதை நம் நாடு ஏற்றுக்கொண்ட ஆண்டு அது.

இனிச் சேர்க்கைக்கு வருவோம். செவிலியர் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். 2021-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளின்படி அது எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டது. இறுதிப் பருவம் முழுவதும் மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி. சேர விரும்புவோர் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளில் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களையும் ஆங்கிலத்தையும் படித்துத் தேறி, மொத்தத்தில் 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதில் 5 விழுக்காடு தளர்த்தப்படுகிறது. உடல் தகுதிச் சான்றும் வேண்டும். ஆண்களும் சேரலாம், ஆயினும் சில கல்லூரிகள் பெண்களுக்கென்றே அமைந்தவை.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உயிரியல் வேண்டும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தெரிந்து பயனில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று தலைமையாசிரியர் கேட்கும் அந்த ஒரு நாளிலேயே இது முடிவாகிவிடுகிறது. கணிதத்தோடு கணினி அறிவியல் எடுத்த பெண்ணுக்கு இயற்பியலும் வேதியியலும் இருக்கும்; உயிரியல் இராது. நல்ல மதிப்பெண் பெற்று என்னிடம் வந்து, இந்த ஒரு பாடமின்மையால் கண்ணீரோடு திரும்பிய பிள்ளைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவோ, தாவரவியலும் விலங்கியலும் கொண்ட அறிவியல் பிரிவோ எடுத்தவர்களுக்கு இத்தொல்லை இல்லை. ஆகவே பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால், இப்பேச்சு அவளுக்கே முதலில் உரியது.

அவ்வாறு வாயில் அடைபட்டவர்களுக்கு வேறு வழி அறவே இல்லையா என்றால், உண்டு. செவிலியத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதற்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரும், ஆங்கிலத்தோடு 40 விழுக்காடு பெற்றிருந்தால், தகுதியுடையவர் என்பது அகில இந்திய விதி. அரசுப் பயிற்சிப் பள்ளிகள் கூடுதலாக விதிக்கும் நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டயம் முடித்துப் பதிவும் பெற்றவர், பின்னர் இரண்டாண்டு மேற்படிப்பில் சேர்ந்து பட்டம் பெறலாம். நானே அந்த வழியில் வந்தவள். அது சுற்றுவழிதான். ஆயினும் பட்டய காலத்தில் வார்டில் கற்ற பாடம் எனக்கு எந்த நாளும் கைகொடுத்தது.

அடுத்து, விண்ணப்பிக்கும் வாயில்கள். நம் மாநிலத்தில் அரசுக் கல்லூரிகளின் இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவால் நிரப்பப்பட்டு வந்துள்ளன. துணை மருத்துவப் பட்டப் படிப்புகள் பலவற்றிற்கும் ஒரே விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமையும். தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பதே இங்கு வழக்கமாக இருந்து வந்த முறை. வேலூர்க் கல்லூரி தானே தேர்வு நடத்திச் சேர்க்கிறது. புதுச்சேரி ஜிப்மர் நிறுவனமும் படைத்துறைச் செவிலியர் கல்லூரிகளும் நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. எய்ம்ஸ் நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு. அன்றியும், 2023-இல் நாடாளுமன்றம் செவிலியத்திற்கும் பேறுகாலப் பணிக்கும் தேசிய ஆணையம் அமைக்கும் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியுள்ளது. ஆகையால் சென்ற ஆண்டு அண்டை வீட்டுப் பெண் சேர்ந்த முறையே இவ்வாண்டும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. அவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்பது நல்லது.

நம் மாநில இட ஒதுக்கீடு 69 விழுக்காடு என்பதை அனைவரும் அறிவர். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. தாழ்த்தப்பட்டோரின் 18-இல் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உரியது. எஞ்சிய 31 விழுக்காடு அனைவருக்கும் பொது. ஆனால் இவ்வுரிமை சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் செல்லும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து, வட்டாட்சியர் ஒப்பமிட நாட்கள் செல்லும். தேர்வு முடிவு வந்த பிறகு ஊரே அங்கு வரிசையில் நிற்கும். மார்ச் மாதத்தில் தேர்வு எழுதிய கையோடு சென்று வாங்கி வைப்பவர் அறிவாளி.

சான்றிதழ்களில் இன்னொரு சிறு முள் இருக்கிறது. பள்ளிச் சான்றில் ஒரு முன்னெழுத்து, ஆதார் அட்டையில் வேறொரு முன்னெழுத்து, சாதிச் சான்றில் தந்தையின் பெயர் வேறு எழுத்தில் என்று இருக்கும். இவற்றை முன்கூட்டியே ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் கைப்பேசி எண்ணும் வீட்டு எண்ணாகவே இருக்கட்டும். கணினி மையத்தார் தம் எண்ணைப் போட்டுவிட்டு, கலந்தாய்வு நாளைக் குறித்து வந்த செய்தி அவர் பெட்டியிலேயே கிடந்து, இடம் போன கதையும் உண்டு.

தரவரிசை வெளியான பின் கலந்தாய்வு. அதில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். "பெரிய கல்லூரி நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?" என்று சிலர் கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போட்டுவிடுகிறார்கள். இது தவறு. உங்கள் தரவரிசையின் முறை வரும்போது, நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தையே ஒதுக்குகிறார்கள். மேலே விரும்பியதை எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. உண்மையாகவே எது முதலில் வேண்டுமோ, அதை முதலில் எழுதுக.

இனி அந்த மஞ்சள் பைக்கு வருகிறேன்.

நெசவாளரின் மகளுக்குக் கலந்தாய்வில் இடம் கிடைக்கக்கூடிய மதிப்பெண் இருந்தது. ஆனால் கலந்தாய்வு தொடங்கு முன்பே, "இடங்கள் நிரம்பிவருகின்றன" என்று அந்தக் கல்லூரியார் அவசரப்படுத்தினார்கள். மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டினார். மூலச் சான்றிதழ்களையும் அவர்களிடமே ஒப்படைத்தார். முதலாண்டு முடிவில் கல்லூரிக்குள்ளேயே ஒரு தேர்வு நடந்தது. பல்கலைக்கழகத் தேர்வு எப்போது என்று மாணவியர் கேட்டபோது, இரண்டாம் ஆண்டோடு சேர்த்து நடக்கும் என்றார்கள். இரண்டாம் ஆண்டும் முடிந்தது. பல்கலைக்கழகம் அவர்கள் பெயரையே அறியாது.

2013-இல் தந்தையும் மகளும் மீண்டும் என் திண்ணைக்கு வந்தார்கள். அதே விளம்பரப் புத்தகத்தை நான் மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். இம்முறை கடைசிப் பக்கத்தில் இருந்த உத்தரவின் எழுத்தைப் படித்தேன். அது வேறோர் ஊரில், அதே அறக்கட்டளை நடத்திய பட்டயப் பள்ளி ஒன்றுக்கு, முந்தைய ஆண்டொன்றில் தரப்பட்ட உத்தரவு. பட்டப் படிப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. முன்னர் நான் முத்திரையைப் பார்த்தேனேயன்றி எழுத்தைப் படிக்கவில்லை. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை நான். எனக்கே அது தோன்றவில்லை.

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சிறிது நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "பாவு போடும்போதே இழையை எண்ணியிருக்கணும், சிஸ்டரம்மா. தறியில் ஏறின பிறகு எண்ணி என்ன செய்ய?" என்றார்.

அன்றிலிருந்து, எந்தக் கல்லூரியைப் பற்றி யார் கேட்டாலும், மூன்று இழைகளை எண்ணிப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பல்கலைக்கழக இணைவு. தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த கல்லூரிகள் பெரும்பாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சில, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் உறுப்புக் கல்லூரிகள். பட்டம் தருவது பல்கலைக்கழகமேயன்றிக் கல்லூரி அன்று. ஆகவே கல்லூரியாரைக் கேட்காமல் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

இரண்டாவது, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம். உங்கள் பெண்ணின் பெயர் ஏற வேண்டிய பதிவேடு அவர்களிடமே உள்ளது.

மூன்றாவது, தேசிய அளவிலான ஏற்பு. இந்திய செவிலியர் குழுமம் மாநிலவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பட்டியல் வெளியிட்டு வந்தது. புதிய சட்டப்படி அப்பொறுப்பு எந்த அமைப்பிடம் இருப்பினும், அதன் பட்டியலை நேரே பார்க்க வேண்டும்.

இம்மூன்றிலும் நான்கு விவரங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்: கல்லூரியின் முழுப் பெயர், அது இருக்கும் ஊர், படிப்பின் பெயர், சேரும் ஆண்டு. பட்டயத்துக்கு வாங்கிய அங்கீகாரம் பட்டத்துக்கு ஆகாது. அண்ணன் கல்லூரியின் அங்கீகாரம் தம்பி கல்லூரிக்கு ஆகாது. சென்ற ஆண்டு உத்தரவு இவ்வாண்டுக்கு ஆகாது. இவற்றோடு, மருத்துவமனையையும் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது விதி. படுக்கை இருந்து நோயாளி இல்லாத மருத்துவமனையில் எதைக் கற்க முடியும்? காலை வேளையில் புறநோயாளிகள் வரிசையைப் பாருங்கள். மாணவியரைத் தனியே அழைத்து, வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குச் செல்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். மூலச் சான்றிதழைக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள். அந்த நெசவாளர் தம் மகளின் சான்றிதழ்களைத் திரும்பப் பெறவே எத்தனையோ முறை நடக்க வேண்டியிருந்தது.

செலவைப் பற்றிச் சில சொற்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் நிர்வாக இடத்துக்கும் கட்டணம் மிகவும் வேறுபடும். முதல் பட்டதாரிச் சலுகையும், வகுப்பு வாரியான உதவித் தொகைகளும் தமக்குப் பொருந்துமா என்று சேரும் போதே கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. வங்கியில் கல்விக் கடன் கேட்டால் அவர்கள் முதலில் ஆராய்வதும் கல்லூரியின் அங்கீகாரத்தையே. ஒரு வங்கி மேலாளர் கடன் தர மறுத்தால், அது ஏன் என்று ஆராயாமல் வட்டிக்கடைக்கு ஓட வேண்டாம். அந்த மறுப்பே ஒரு நல்ல எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

இதுகாறும் பெற்றோருக்குச் சொன்னேன். இனிச் சேரப்போகும் பெண்ணிடமும் பையனிடமும் நேரே பேச விரும்புகிறேன்.

சங்க நூல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய்க்குச் செவிலி என்று பெயர். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து பணி செய்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக எண்ணுகிறது. 'உழைச்செல்வான்' என்பது அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் என்பதே அப்பணியின் இலக்கணம். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார்; இரவு இரண்டு மணிக்கு நோயாளி கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நீங்கள். அவர் மூச்சின் வேறுபாட்டை முதலில் காண வேண்டியவரும் நீங்களே.

ஆகவே விண்ணப்பிக்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உறவினர் யாரேனும் படுத்திருந்தால், ஓர் இரவு துணைக்கு இருந்து பாருங்கள். அங்கே மணம் இருக்கும், அழுகை இருக்கும், மலமும் இரத்தமும் இருக்கும். முதல் நாள் மயக்கம் வந்தால் வெட்கப்பட வேண்டாம், எனக்கும் வந்தது. மறுநாள் மீண்டும் போக மனம் வருகிறதா என்பதே கேள்வி. நைட்டிங்கேல் அம்மையார் சொன்னது போல் இதை எந்தத் தேர்வுக் குழுவும் அளக்க முடியாது. நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கு அஞ்சுவது ஆங்கிலத்திற்கு. உடற்கூறும் உடலியலும் முதற் பருவத்திலேயே ஆங்கிலத்தில் வந்து மலைபோல் நிற்கும். சில மாதம் கடினமாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் கண்டவரையில், இப்படிப்பை விட்டுச் சென்றவர்கள் ஆங்கிலம் வராதவர்கள் அல்லர். பிறர் வற்புறுத்தலுக்காக வந்தவர்கள். தேர்வு முடிந்து முடிவு வரும் வரை உள்ள விடுமுறையில், உயிரியல் புத்தகத்தில் உள்ள உறுப்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். மலையின் பாதி அங்கேயே குறைந்துவிடும். நோயாளியிடம் பேசப்போவது தமிழில்தான் என்பதையும் மறவாதீர்கள். வலியை அவர் எந்தச் சொல்லால் சொல்கிறார், குத்துகிறதா, இழுக்கிறதா, கடுக்கிறதா என்று பிரித்தறிய நல்ல தமிழ் தெரிந்த செவிலியரே வேண்டும்.

பட்டம் பெற்றபின் மாநிலக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழி அரசுப் பணி நாடுவதாயினும், தனியார் மருத்துவமனையில் சேர்வதாயினும், கடல் கடந்து செல்வதாயினும், எங்கும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவு எண்ணே. உள்நாட்டில் தொடக்க ஊதியம் பல இடங்களில் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்காகச் செவிலியர்கள் போராடியும் வந்திருக்கிறார்கள். இதை அறிந்து வருபவர் பின்னர் ஏமாற மாட்டார்.

நெசவாளரின் மகள் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கக்கூடும். 2013-ஆம் ஆண்டே, பழைய மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. தன்னிலும் இரண்டு வயது இளைய பெண்களோடு மீண்டும் முதல் வகுப்பில், எலும்புகளின் பெயரிலிருந்து தொடங்கினாள். 2017-இல் படிப்பு முடிந்து பதிவும் பெற்றாள். பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, பெயரையும் தந்தை பெயரையும் படிப்பின் பெயரையும் ஆண்டையும் நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "முத்திரை சரியாக இருக்கா, டீச்சர்?" என்று கேட்டாள். "முத்திரையை நான் இப்போதெல்லாம் கடைசியில்தான் பார்ப்பது" என்றேன்.

அவளுக்கு ஓர் ஆசிரியையின் வீடு தெரிந்திருந்தது. இருந்தும் இரண்டு ஆண்டுகள் போயின. அவ்வாறு யாரையும் அறியாத வீடுகள் நம் நாட்டில் பல உண்டு. அங்கே விளம்பரப் புத்தகத்தோடு யாரேனும் வந்தால், இப்பேச்சைக் கேட்ட நீங்கள் அவர்களை அமர வைத்து, இணைவு, மாநில அங்கீகாரம், தேசியப் பட்டியல் என்று மூன்று இழைகளையும் அவர்களோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதாது. ஒரு மாலை முழுவதும் ஆகும்.